பிரிட்ஜும் கப்போர்டும் ஒரே கலரில் இருக்க வேண்டுமா? – கேள்வி பதில்

வேலூரில் 18 வருஷமாக சமையலறை மரவேலை எடுத்துச் செய்கிறேன். கிச்சனைப் புதுப்பிக்க வருகிறவர்கள் அளவு டேப்பை விரிப்பதற்கு முன்பே கேட்கிற கேள்வி இது: பிரிட்ஜ், அடுப்பு, சிம்னி எல்லாம் கப்போர்டோடு மேட்ச் ஆகணுமா? வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

காட்பாடியிலிருந்து ஒருவர்: அண்ணா, எங்க பிரிட்ஜ் சில்வர் கலர். அதுக்கு மேட்சா கப்போர்டையும் கிரேயிலேயே போடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். சரியா வருமா?

வேண்டாம் தங்கச்சி. பிரிட்ஜைப் பார்த்து கப்போர்டுக்குக் கலர் எடுக்காதீர்கள். தண்ணீர் தாங்கும் 710 கிரேடு பிளைவுட்டில் ஒழுங்காகச் செய்த கப்போர்டு 15, 20 வருஷம் நிற்கும். பிரிட்ஜ் 10 வருஷம் ஓடினாலே நல்ல பிரிட்ஜ் என்கிறோம். அது போய் வேறு கலரில் இன்னொன்று வந்தால் கப்போர்டை என்ன செய்வீர்கள்? தரை, மேடைக் கல், சுவர் டைல்ஸ் மூன்றும் லேசில் மாறாது. கப்போர்டு கலரை அவற்றோடு சேர்த்துப் பாருங்கள்.

அதிலும் சில்வருக்குப் பக்கத்தில் கிரே சிக்கலான கலர். ஸ்டீலில் லேசாக மஞ்சள் ஓடும், கப்போர்டு மேல் ஒட்டும் மைக்கா ஷீட்டில் லேசாக நீலம் ஓடும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அழகுதான். பக்கத்தில் நிறுத்தினால் ஒன்று அழுக்குப் படிந்தது மாதிரி தெரியும். வெள்ளையிலும் இதே கதைதான், இரண்டு கம்பெனி வெள்ளை ஒன்றாக இருக்காது. ஒட்டியும் ஒட்டாமலும் இருப்பதைவிட நன்றாகவே வேறுபட்டிருப்பது கண்ணுக்கு இதம். மரக்கலரோ, தந்த வெள்ளையோ எடுங்கள்.

குடியாத்தம்: தம்பி, பெங்களூரில் மகள் வீட்டுப் பக்கத்தில் பார்த்தேன், பிரிட்ஜே தெரியலை, கப்போர்டு கதவுதான் தெரியுது. நம்ம பிரிட்ஜுக்கும் அப்படிக் கதவு போட்டு மூடிடலாமா?

அம்மா, அங்கே நீங்கள் பார்த்தது அதற்கென்றே வரும் பில்ட்-இன் பிரிட்ஜாக இருக்கும். அதில் கீழே காற்று நுழைந்து மேலே வெளியேற வழி வைத்திருப்பார்கள். கதவும் பிரிட்ஜோடு சேர்ந்தே திறக்கும். நம் வீட்டுப் பிரிட்ஜ் அப்படி இல்லை. மத்தியானம் அதன் பக்கவாட்டுத் தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சுடும். உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளும் குழாய் இப்போது பெரும்பாலான பிரிட்ஜ்களில் அந்தத் தகட்டுக்குப் பின்னால்தான் ஓடுகிறது.

தொழிலுக்கு வந்த புதிதில், கேட்டவர் மனம் கோணக்கூடாது என்று ஒரு வீட்டில் டபுள் டோர் பிரிட்ஜை மூன்று பக்கமும் பிளைவுட் அடித்து, முன்னால் கதவும் வைத்து மூடிவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகு. நம் ஊர் மே மாதம் தெரியுமே, வெளியே 40 டிகிரிக்கு மேல். அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்திருக்கும்? மோட்டார் நிற்காமல் ஓடியது, கரண்ட் பில் ஏறியது, பால் புளித்தது. இரண்டாவது கோடையில் கம்ப்ரசர் போனது. நானே போய்க் கதவைக் கழற்றி, பக்கப் பலகையை அறுத்துவிட்டு வந்தேன். பலகையின் உள்பக்கம் மைக்கா பொருக்கு மாதிரி எழும்பியிருந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் சாதாரண பிரிட்ஜை நான் மூடுவதில்லை.

பக்கத்துக்கு 2 அங்குலம், பின்னால் 2 அல்லது 3 அங்குலம், தலைக்கு மேல் ஒரு சாண் விடுங்கள். பிரிட்ஜோடு வரும் புத்தகத்தில் இதைவிட அதிகம் போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கதவு சுவரில் இடிக்காமல் முழுசாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள். பாதிதான் திறக்கும் என்றால் உள்ளே காய்கறி டிரே வெளியே வராது.

சத்துவாச்சாரி: வாடகை வீடு அண்ணா. ஓனர் போட்ட பச்சைக் கலர் கப்போர்டு. எங்க சாமான் எதுவும் அதோட சேரலை.

விட்டுவிடுங்கள் தம்பி. கப்போர்டு கலரை மாற்றுகிற காசுக்கு நல்ல கேஸ் அடுப்பு வாங்கினால் அடுத்த வீட்டுக்கும் கூடவே வரும்.

ஆம்பூர்: மேடைக் கல்லுல பதிக்கிற ஹாப் அடுப்பு, சிம்னி ரெண்டும் கறுப்புக் கண்ணாடியில வாங்கலாம்னு இருக்கோம் பாய். கப்போர்டு கிரீம் கலர். எங்களுது பெரிய குடும்பம், வெள்ளிக்கிழமை வீட்டிலேயே பிரியாணி.

ஹாப்பும் சிம்னியும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணில் படுவதால் அவை இரண்டும் ஒத்திருக்க வேண்டும். சாமான்களில் நான் மேட்ச் பார்க்கச் சொல்வது இங்கே மட்டும்தான். கிரீமோடு கறுப்பு எடுப்பாக இருக்கும்.

ஆனால் பிரியாணி தேக்சாவைக் கண்ணாடி ஹாப்பில் ஏற்றாதீர்கள். 60 சென்டிமீட்டர் ஹாப்பில் நாலு பர்னர் இருந்தாலும் இரண்டு பெரிய பாத்திரம் பக்கம் பக்கமாக உட்காராது. 75 அல்லது 90 எடுங்கள். சிம்னி அகலம் ஹாப்பைவிடக் குறையக்கூடாது, இடையில் 26 முதல் 30 அங்குலம் இருக்கட்டும். தேக்சாவுக்குப் பின்கட்டில் தனியாக ஒரு இரும்பு பர்னர் போட்டுக்கொள்ளுங்கள்.

ராணிப்பேட்டை: கடையில் பார்த்த கலர் ஒன்று, வீட்டில் ஒட்டியதும் வேறு மாதிரி தெரிகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை சார், அது லைட் செய்த வேலை. கடையில் பளீர் வெள்ளை வெளிச்சம், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் கணக்கில் 6500. வீட்டில் மஞ்சள் வெளிச்சம், 3000 போட்டிருப்பீர்கள். இனிமேல் எடுக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மைக்கா துண்டை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். தரையில் படுக்கப் போடாமல், கதவு மாதிரி நட்டமாக பிரிட்ஜ் பக்கத்தில் நிறுத்துங்கள். காலையில் ஒருமுறை, ராத்திரி லைட் போட்டு ஒருமுறை பாருங்கள்.

திருப்பத்தூர்: மாமியார் கிச்சனில் கறுப்பே கூடாது என்கிறார். எனக்குக் கறுப்பு கிளாஸி கப்போர்டுதான் ஆசை.

மாமியார் சொல்வதையே கேளுங்கள் மா. அவர் சொல்கிற காரணம் வேறாக இருக்கலாம், நான் தண்ணீரை வைத்துச் சொல்கிறேன். நம் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். சிங்க்குக்குக் கீழே கறுப்பு கிளாஸி இருந்தால் ஒவ்வொரு சொட்டும் காய்ந்து வெள்ளை வட்டமாக நிற்கும். தினமும் துடைத்தாலும் தீராது.

வாலாஜா: மிக்ஸி வெள்ளை, கிரைண்டர் சிவப்பு, ஓவன் கறுப்பு. மேடை சந்தை மாதிரி இருக்குன்னு அக்கா சொல்றாங்க.

இவற்றுக்குக் கலர் தேடாதீர்கள், இடம் தேடுங்கள். மேடையின் ஒரு மூலையில் 16 ஆம்பியர் பிளக்கோடு ஒரு தடுப்பு. முன்னால் மேலே தூக்கும் கதவு. கிரைண்டரை மட்டும் இழுக்கும் டிரேயில் வைக்க வேண்டாம். 2 லிட்டர் கிரைண்டர் 10 கிலோவுக்கு மேல் இருக்கும், மாவோடு சுற்றும்போது டிரே சேனல் தளர்ந்துவிடும். கல் மேல்தான் அது உட்கார வேண்டும். ரைஸ் குக்கரையும் அந்தத் தடுப்புக்குள் வைத்து ஓட்டாதீர்கள், ஆவியில் பலகை ஓரத்தில் ஒட்டும் எட்ஜ் பேண்டு பட்டை வாய் பிளக்கும்.

கொசப்பேட்டை: அம்மா வீட்டுச் சீரா வந்த பிரிட்ஜ், சிவப்பில் பூப்போட்டது. புது கிச்சனுக்குப் பொருந்தாது, வித்துடலாம்னு வீட்டில் சொல்றாங்க. எனக்கு மனசே வரலை அண்ணா.

விற்காதீர்கள் தங்கச்சி. நன்றாக ஓடுகிற பிரிட்ஜை கலருக்காக யாரும் விற்கக்கூடாது. கப்போர்டு முழுக்க ஒரே வெளிர் கலரில், டிசைன் இல்லாத மேட் மைக்கா போடச் சொல்லுங்கள். அந்தச் சிவப்பை வேறு எந்தக் கதவிலும் திரும்பக் கொண்டுவராதீர்கள். அறையில் ஒரே ஒரு சிவப்பு இருந்தால் வேண்டுமென்றே வைத்தது போல இருக்கும்.

ஆற்காடு: எல்லாம் முடிஞ்சு போச்சு சார். கப்போர்டு தேக்கு கலர், கைப்பிடி தங்கக் கலர், பிரிட்ஜும் சிம்னியும் ஸ்டீல். ஏதோ இடிக்குது. திரும்பச் செலவு செய்யவும் முடியாது.

இடிப்பது கப்போர்டு இல்லை சார், கைப்பிடிதான். அதை ஸ்டீல் கலருக்கு மாற்றினால் பிரிட்ஜ், சிம்னி, குழாய் எல்லாம் ஒரு வரிசைக்கு வந்துவிடும். கடைக்குப் போவதற்கு முன் ஒரு கைப்பிடியைக் கழற்றி இரண்டு ஸ்க்ரூ ஓட்டைக்கும் நடுவே அளந்துகொள்ளுங்கள். 96, 128, 160 மில்லிமீட்டர், இதில் ஏதாவது ஒன்றாக இருக்கும். அதே அளவில் வாங்கினால் பழைய ஓட்டையிலேயே உட்காரும், கதவில் புது ஓட்டை போட வேண்டியதில்லை.