ஒரு கப் மைதா எத்தனை கிராம்?

ஒரு கப் மைதா ஓரிடத்தில் 120 கிராம், இன்னோரிடத்தில் 150 கிராம் என்றிருக்கிறதே, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். கப்பை எப்படி நிரப்பினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள். மாவு டப்பாவுக்குள் கப்பை விட்டு அமுக்கி அள்ளினால், தராசு 150 கிராமை ஒட்டிக் காட்டும். அதே மாவைக் கிளறிவிட்டு, ஸ்பூனால் மெல்லப் போட்டு, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டால் 120 முதல் 125 கிராம்தான். இரண்டு கப் மாவு கேட்கும் கேக்கில் இப்படியே அரை கப் வரை கூடுதலாக விழுந்துவிடும். கேக் வறண்டு, மேலே வெடித்து வந்தால் ஓவனைச் சந்தேகிப்பதற்கு முன் இதைத்தான் பார்ப்பேன்.

சர்க்கரை மாவைப் போல அமுங்காது, அதனால் இந்தத் தொல்லை குறைவு: ஒரு கப் 200 கிராம். வெண்ணெய் 227. கோகோ பவுடர் லேசானது, 85 கிராம் அளவில் நிற்கும்.

இவை அமெரிக்கக் கப் கணக்கு, அதாவது சுமார் 237 மில்லி. ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. அங்கே டேபிள்ஸ்பூனும் 15 அல்ல, 20 மில்லி. ஆகவே செய்முறை எந்த நாட்டுடையது, உங்கள் கப்பில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

பேக்கிங் சோடா, ஈஸ்ட் போன்றவற்றை மட்டும் டீஸ்பூனிலேயே அளங்கள். இரண்டு மூன்று கிராமைச் சமையலறைத் தராசு சரியாகக் காட்டாது.