கொடி மாறப்போகுது என்று தரகர் சொன்னால் காசு கட்டாதீர்கள்

கிளிநொச்சிப் பக்கம் சின்னத் தையல் கடை வைத்திருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். இலங்கையின் சுதந்திர தினமான பெப்ரவரி 4க்குப் பள்ளிக்கூடங்களுக்கும் சங்கங்களுக்கும் தேசியக் கொடி தைத்துக் கொடுப்பவர். வவுனியாவிலிருந்து வரும் துணித் தரகர் ஒருவர், "ஆட்சி மாறிவிட்டது, மூன்றில் இரண்டு பலமும் இருக்கிறது, கொடியும் மாறப்போகுது, கையில் இருப்பதை அரை விலைக்குத் தந்துவிட்டுப் புதுக் கொடி ஓடருக்கு இப்பவே முற்பணம் கட்டுங்கோ" என்கிறாராம். கட்டலாமா?

கட்டாதீர்கள் தங்கச்சி. ஒரு சதமும் வேண்டாம்.

சிங்கக்கொடிதான் தேசியக் கொடி என்று அரசியலமைப்பின் 6ஆம் உறுப்புரையிலேயே எழுதியிருக்கிறது, கொடியின் படம் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 83ஆம் உறுப்புரை பூட்டிவைத்திருக்கும் சில உறுப்புரைகளில் இந்த 6ம் ஒன்று. பாராளுமன்றத்தில் 225 பேரில் 150 பேர் ஆதரித்தாலும் போதாது, அதன்பிறகு சர்வசன வாக்கெடுப்பில் மக்களும் சம்மதிக்க வேண்டும். 2024 நவம்பரில் ஆளும் தரப்புக்கு 159 ஆசனங்கள் கிடைத்தது உண்மைதான், தரகர் அதை மட்டும் சொல்லி மிச்சத்தை விழுங்கிவிட்டார். இந்த நாட்டில் இதுவரை நடந்தது ஒரேயொரு சர்வசன வாக்கெடுப்பு, அதுவும் 1982 டிசம்பரில். இன்னொன்று வந்தால் நீங்களே போய் வாக்குப் போடுவீர்கள், தரகர் வந்து சொல்லித் தெரிய வேண்டியிராது.

சிரியாவில் 2024 டிசம்பரில் ஒரே நாளில் கொடி மாறியதைப் போனில் பார்த்துத்தான் பலர் குழம்பியிருக்கிறார்கள். அங்கே ஆட்சியே ஆயுதத்தால் கவிழ்ந்தது. இங்கே நடந்தது தேர்தல்.

ஒன்றை மட்டும் வடிவாக விளங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த முறை தரகர் இதைத்தான் பிடிப்பார்: புது அரசியலமைப்பு. 1972இல் குடியரசானபோது பழைய அரசியலமைப்பின் வழியே போகாமல், அரசியல் நிர்ணய சபை என்று தனியாக ஒன்றைக் கூட்டிப் புதிதாக எழுதினார்கள். அந்தக் காலத்தில்தான் கொடியின் நான்கு மூலைகளிலும் அரசிலை வந்தது. அப்போதும் சிங்கம் அப்படியே இருந்தது, பட்டைகளும் இருந்தன, மூலைகள்தான் மாறின. இப்போதுள்ள 83 அந்த வழியையும் யோசித்தே எழுதப்பட்டிருக்கிறது: 6ஐத் திருத்தினாலும் சரி, நீக்கிவிட்டு வேறொன்றை வைத்தாலும் சரி, அதே 150, அதே வாக்கெடுப்பு. ஆகவே "புது யாப்பு வருது" என்று பேப்பரில் பார்த்தாலும் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். சட்டமூலம் வர்த்தமானியில் வரவேண்டும், பாராளுமன்றத்தில் விவாதம் நடக்கும். உங்கள் துணி அதற்குள் விற்றுத் தீர்ந்துவிடும்.

கொடி மாற வேண்டும் என்று விரும்புவது வேறு விஷயம். தேசியக் கொடியை முடிவு செய்ய 1948இல் அமைத்த குழுவில் இருந்த செனட்டர் நடேசன், சிங்கத்தைச் சுற்றியுள்ள சட்டகத்துக்கு வெளியே நமக்கொரு பட்டை, முஸ்லிம்களுக்கொரு பட்டை என்று வைப்பதை ஏற்காமல் எதிர்த்து நின்றார். அவர் எழுப்பிய கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை, அது எனக்கும் வலிக்கிற விஷயம். அந்த வலியைத்தான் இந்த ஆட்கள் காசாக்குகிறார்கள். "புதுக் கொடி வடிவமைப்புப் போட்டி, பதிவுக் கட்டணம், அடையாள அட்டைப் பிரதி" என்று ஒரு படிவத்தோடு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் உண்மையாகவே போட்டி வைத்து ஏழாயிரத்துக்கு மேல் வடிவங்கள் வந்தன, ஒன்றுகூடத் தேறவில்லை. 1994 ஏப்ரல் 27 ஏறிய கொடியைக் கடைசி நேரத்தில் வேறு வழியாகத்தான் முடிவு செய்தார்கள். அப்படியிருக்க, இவர் பையில் கொண்டுவரும் 'சாம்பிள்' எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

பட்டைகள் இல்லாத சிங்கக்கொடியை 'புதுசு' என்று காட்டினால் அதையும் தைக்காதீர்கள். அது இரண்டாம் அட்டவணையில் உள்ள கொடி இல்லை, பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தால் பிரச்சினை உங்கள் தலையில்தான் விழும்.

இவ்வளவையும் ஒரு தமிழ்ச் சுற்றறிக்கையில் அரைப் பக்கம் எழுதி அனுப்பியிருக்கலாம். பிரதேச செயலகத்தில் கேட்டால் கச்சேரி (மாவட்டச் செயலகம்) என்பார்கள், கச்சேரியில் கேட்டால் கொழும்பு என்பார்கள், அங்கிருந்து வரும் கடிதம் சிங்களத்தில் இருக்கும். அந்த இடைவெளியில்தான் தரகர் பிழைக்கிறார்.

கையில் உள்ளதைத் தைத்து முழு விலைக்கே கொடுங்கள். ஏற்கெனவே ஏதாவது கொடுத்துவிட்டீர்கள் என்றால், பில் இல்லாவிட்டாலும் போன் மெசேஜை அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிசில் முறைப்பாடு போடுங்கள். அதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.