செல்லம் கொடுத்ததால் வந்த கோபமா இது?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. மூன்று வருடங்களுக்கு முன் அவன் அப்பாவோடு பைக்கில் போகும்போது விழுந்து தலையில் பலத்த அடி. 12 நாள் நினைவில்லாமல் ஐசியூவில் இருந்தான். இப்போது நடக்கிறான், நன்றாகப் பேசுகிறான், ஆறாம் வகுப்பு படிக்கிறான். ஆனால் தொட்டதற்கெல்லாம் கத்துகிறான், தங்கையை அடிக்கிறான், எந்த வேலையையும் முடிப்பதில்லை. போன வருடம் வரை இவ்வளவு இல்லை. ஸ்கேன் நார்மல் என்கிறார்கள். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறான். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்கிறார் மாமியார். அடித்துத் திருத்த வேண்டுமா? வளர்ந்தால் சரியாகிவிடுமா?
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: அடிக்காதீர்கள் அம்மா. மாமியாரிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் நமக்கு பிரேக். கோபம் வந்தாலும் கையை ஓங்காமல் இருப்பது, ஒரு வேலையைத் தொடங்கி முடிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. வேகமாகப் போய் மோதும் விபத்துகளில் பெரும்பாலும் அடிபடுவதும் அதே பகுதிதான். மூளை குலுங்கும்போது நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு அறுந்துபோவதும் உண்டு. அது சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. ரத்தக்கட்டு இருக்கிறதா, எலும்பு சரியாக இருக்கிறதா என்று ஸ்கேன் சொல்லும். பிள்ளையின் பொறுமை எவ்வளவு என்று சொல்லாது. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து ஜிசிஎஸ் என்ற எண்ணைப் பாருங்கள்; அடிபட்டபோது நினைவு எந்த அளவுக்கு இருந்தது என்பதற்கான மதிப்பெண் அது. 15க்கு 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மருத்துவக் கணக்கில் அது தீவிரக் காயம்.

"சின்னப் பிள்ளை மூளை, சீக்கிரம் ஆறிடும்" என்று பலரும் சொல்லியிருப்பார்கள். பாதிதான் உண்மை. நடை, பேச்சு பெரும்பாலும் திரும்பிவிடுகின்றன. ஆனால் இந்த பிரேக் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருப்பது. எட்டு வயதில் அடிபட்டால் அப்புறம் வளரவேண்டியதும் சேர்த்தே தடைபடுகிறது. ஐந்தாம் வகுப்பில் ஒரே டீச்சர் கையைப் பிடித்து எழுதவைத்திருப்பார். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒரு டீச்சர், தானாகவே டைரி எழுதவேண்டும், நண்பர்களின் கிண்டலுக்கு ஈடுகொடுக்கவேண்டும். குறை இப்போது புதிதாக முளைக்கவில்லை. வயது கேட்கும் வேலை கூடியதால் வெளியே தெரிகிறது. வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்கவேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் இன்னொரு முறை சறுக்கலாம் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

முதலில் மாத்திரையைப் பாருங்கள். அட்டையில் லெவெட்டிராசிட்டம் என்று இருந்தால், சில குழந்தைகளுக்கு அதுவே எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு திரும்ப வரலாம். நரம்பியல் மருத்துவரிடம் "இது சாப்பிட ஆரம்பித்த பிறகு கோபம் கூடியதா" என்ற கேள்வியோடு போங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன. தூக்கம், தலைவலி பற்றியும் சொல்லுங்கள். உயரம் கூடாமல் நின்றிருந்தாலோ, வயதுக்கு முன்பே பருவ மாற்றம் தெரிந்தாலோ ஹார்மோன் ரத்தப் பரிசோதனை தேவை. கோபத்தோடு வாந்தி, காலைத் தலைவலி, மயக்கம் புதிதாகச் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இனி வீடு. "பல் தேய்ச்சு, குளிச்சு, யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு, பையை எடுத்துட்டு வா" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுப்பீர்கள். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஒரு சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். பார்ப்பவருக்குத் திமிர் மாதிரி இருக்கும். நான்கு கட்டளையில் முதலாவதைத் தாண்டி அவன் மூளையில் ஒன்றும் தங்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் போய், கண்ணைப் பார்த்து, ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். மீதியைப் படமாக வரைந்து பீரோ கதவில் ஒட்டுங்கள்.

எந்த நேரத்தில் வெடிக்கிறான் என்று இரண்டு வாரம் காலண்டர் தாளில் குறித்துவாருங்கள். என்னிடம் வரும் குடும்பங்களில் பெரும்பாலும் மாலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில்தான். ஒரு பக்கம் குக்கர் விசில், இன்னொரு பக்கம் சீரியல், அதற்குள் டியூஷனுக்கு நேரமாகிவிடும். அடிபட்ட மூளை பள்ளி முடியும்போதே களைத்துவிடுகிறது. என் கருத்து கேட்டால், டியூஷனை நிறுத்துங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம், டிவி இல்லாமல், மின்விசிறிக்கு அடியில் சும்மா படுக்கட்டும்.

கத்தும்போது நியாயம் பேசாதீர்கள், அப்போது எதுவும் உள்ளே போகாது. தங்கையை அங்கிருந்து அழைத்துப் போய்விட்டு, குறைவான வார்த்தையில் "அப்புறம் பேசலாம்" என்று சொல்லி விலகுங்கள். செவ்வாய்க்கிழமை செய்ததற்கு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் கட் என்ற தண்டனை இவனிடம் வேலை செய்யாது; எதற்காக என்ற முடிச்சே அவனுக்கு விழாது. நல்லது செய்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள்.

எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். நரம்பியல் பிரிவில் காட்டுங்கள். நினைவு, கவனம், திட்டமிடல் ஆகியவற்றைத் தனித்தனியாக அளக்கும் நரம்பு உளவியல் பரிசோதனை கேளுங்கள். ஐக்யூ எண் மட்டும் போதாது, அது நன்றாக இருந்தும் தடுமாறும் பிள்ளைகள் நிறைய. சிறப்புக் கல்விக்கும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. நரம்பு உளவியல் பரிசோதனை அறிக்கையின் நகலைப் பள்ளிக்கும் கொடுத்து இவற்றைக் கேளுங்கள்: முன் பெஞ்சு, பாதி வீட்டுப்பாடம், தேர்வில் கூடுதல் நேரம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் சான்றிதழ் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். பொதுத்தேர்வுச் சலுகை வேண்டுமானால் காகித வேலையைப் பத்தாம் வகுப்புக்கு முன்பே தொடங்கிவிடவேண்டும்.

கடைசியாக அந்தத் தங்கை. கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. அண்ணன் தலையில் என்ன அடிபட்டது என்பதை அவளுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லியிருக்கிறார்களா? சொல்லுங்கள். வாரத்தில் ஒரு மாலை, அவளை மட்டும் கூட்டிக்கொண்டு எங்காவது போய்வாருங்கள்.