பயாப்சி செய்யப் போகிறார்கள் என்றால், அதற்கு முன் டிஃப்யூஷன், பெர்ஃப்யூஷன் எம்ஆர்ஐ எதற்கு?

உங்கள் அம்மாவுக்குக் காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி. சாதாரண எம்ஆர்ஐ எடுத்தாயிற்று, இப்போது டிஃப்யூஷன், பெர்ஃப்யூஷன் சேர்த்து மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள், எப்படியும் ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்கத்தானே (பயாப்சி) போகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தலை, கழுத்து ஸ்கேன்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. என்னைக் கேட்டால், ஊசி போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசிந்து வீங்கினால், அதற்கப்புறம் எடுக்கும் படத்தில் எது கட்டி, எது ஊசியின் விளைவு என்று குழப்பம் வரும். தவிர, கட்டிக்குள் அழுகிப்போன பகுதியில் ஊசி இறங்கினால் முடிவு ஒன்றும் சொல்லாது. உயிருள்ள பகுதி எது என்பதை இந்தப் படங்கள் காட்டும்.

சாதாரண எம்ஆர்ஐ கட்டி எங்கே இருக்கிறது, எதுவரை பரவியிருக்கிறது என்பதை நன்றாகச் சொல்லிவிடும். அது என்ன கட்டி என்பதில்தான் தடுமாறும். டிஃப்யூஷன் என்பது திசுவுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்று பார்ப்பது. செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால் தண்ணீர் நகர இடமிருக்காது, ஏடிசி என்ற அளவு குறையும். நிணநீர்த் திசுவில் வரும் லிம்போமா என்ற புற்றில் இது மிகவும் குறைவாக இருக்கும், வாய், தொண்டையில் அதிகம் வரும் ஸ்குவாமஸ் செல் புற்றில் பொதுவாக அதைவிடக் கொஞ்சம் அதிகம், ஆபத்தில்லாத கட்டிகள் பலவற்றில் இன்னும் அதிகம்.

ரிப்போர்ட்டில் 'ஏடிசி குறைவு' என்று பார்த்ததும் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கெட்டியான சீழிலும் அது குறையும். உங்கள் அம்மாவுக்குக் கட்டி இருக்கும் பரோட்டிட் சுரப்பியில் வார்தின் கட்டி என்று ஒன்று வரும். புற்றே அல்ல, ஆனால் ஏடிசி மட்டும் புற்றைப் போலவே குறைவாக இருக்கும். இங்கேதான் கட்டிக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் பெர்ஃப்யூஷன் கைகொடுக்கிறது. படத்தில் பளிச்சென்று தெரியவைக்கும் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்திக்கொண்டே சில விநாடிகளுக்கு ஒரு முறை படம் எடுத்து, கட்டிக்குள் மருந்து ஏறி இறங்குவதைக் கோடாக வரைவார்கள். வார்தினில் மருந்து சட்டென்று ஏறி, சட்டென்று இறங்கும்; சில நிமிடங்களுக்குள் 30 சதவீதமோ அதற்கு மேலோ வெளியேறிவிடும். புற்றில் வேகமாக ஏறும், ஆனால் அவ்வளவு இறங்காது. பரோட்டிட்டில் அதிகமாக வரும், புற்றல்லாத ப்ளியோமார்ஃபிக் அடினோமா என்ற கட்டியில் ஏடிசியே அதிகம், கோடும் மெதுவாக ஏறிக்கொண்டே போகும்.

இந்த வித்தியாசத்தைப் பொறுத்துச் சிகிச்சையே மாறும். வார்தின் புற்றாக மாறுவது மிக அபூர்வம், வயதானவர்களுக்கு அறுக்காமல் கண்காணித்தே வரலாம். ப்ளியோமார்ஃபிக் அடினோமா நாளடைவில் புற்றாக மாறக்கூடும் என்பதால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள், அதுவும் உறை கிழியாமல் எடுக்க வேண்டும். முகத்தை அசைக்கும் நரம்பு இந்தச் சுரப்பிக்குள்ளேயே ஓடுவதால், எவ்வளவு அறுப்பது என்று முன்கூட்டியே தெரிவது அறுவை மருத்துவருக்குப் பெரிய உதவி. ஆனாலும் வேகம் குறைந்த சில புற்றுகள் ஆபத்தில்லாத கட்டி போலவே தோன்றும். அதனால் ஊசிப் பரிசோதனை தேவையில்லை என்று நான் ஒருபோதும் எழுத மாட்டேன்.

கதிர்வீச்சு முடித்தவர்களுக்கும் டிஃப்யூஷன் பெரிய உதவி. அவர்களுக்குத் தொண்டை முழுக்க வீங்கி, கான்ட்ராஸ்ட் படத்தில் எல்லாமே பளிச்சென்று தெரியும். மீண்டும் வளரும் கட்டி டிஃப்யூஷன் படத்தில் வெளிச்சமாகவும் ஏடிசி படத்தில் இருட்டாகவும் இருக்கும். வீக்கத்தில் ஏடிசி கூடுதலாக இருக்கும். பழைய தழும்பு இரண்டிலுமே இருட்டு. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்வது சரியில்லை.

புதிய நுட்பம் எல்லாமே அவசியம் என்றும் சொல்ல மாட்டேன். திசுவில் உள்ள வேதிப்பொருள்களை அளக்கும் ஸ்பெக்ட்ராஸ்கோபி கழுத்தில் மூச்சாலும் விழுங்கலாலும் கெட்டுப்போகும், நான் அதை நம்பி முடிவெடுப்பதில்லை. கன்னம் மரத்துப்போகிறது, முகம் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் புற்று நரம்பு வழியாக ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கு மெல்லிய வெட்டுகளாக எடுத்த வழக்கமான படங்களே முக்கியம். அம்மாவுக்கு அப்படி ஏதாவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், ரிப்போர்ட் எழுதுபவர் அந்த நரம்புகளைத் தேடிப் பார்ப்பார்.

எடுக்கும் நாளில் கழற்றக்கூடிய பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். நிரந்தரமாகப் பொருத்திய உலோகப் பல் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், டிஃப்யூஷன் படம் அந்த இடத்தில் வளைந்துவிடும்; வளைவு குறைவாக வரும் வேறு முறையில் எடுக்க முடியுமா என்று பார்ப்பார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள், கான்ட்ராஸ்ட் இல்லாமலே ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் முறையும் உண்டு. எந்திரம் சத்தம் போடும்போது எச்சில் விழுங்க வேண்டாம், சத்தம் நிற்கும் இடைவெளியில் விழுங்கிக்கொள்ளலாம் என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்புங்கள். முந்தைய எம்ஆர்ஐயின் சிடியையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.