சீல் உடைத்த கேமைத் திருப்பி எடுக்க மாட்டாராம்

கேள்வி: ஐயா, சித்திரை வருஷப்பிறப்புக்கு முதல் கிழமை யாழ் நகரில் ஒரு கொம்பியூட்டர் கடையில் மகனுக்கு 11,500 ரூபாவுக்கு கேம் ஒன்று வாங்கினேன். சீல் உடைக்காத பெட்டி. உள்ளே இருந்த, கேமைத் திறக்கும் கோட் (code) இலக்கத்தை அடித்தால், ஏற்கெனவே பாவிக்கப்பட்டது என்று வருகிறது. கடைக்காரரோ, "சீல் உடைச்ச சாமானைத் திருப்பி எடுக்கேலாது, கொம்பனியோட கதையுங்கோ" என்கிறார். பக்கத்து வீட்டுப் பெடியன், கேமின் பூட்டை உடைக்கிற கிராக் போட்டுத் தாறேன் என்கிறான். காசு கொடுத்துத்தானே வாங்கினோம், அது பிழையா?
— ஒரு தாய், கோண்டாவில்

பதில்: அம்மா, முதலில் திகதியைப் பாருங்கள். நுகர்வோர் அதிகார சபைக்கான முறைப்பாட்டை, பொருள் விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். யூன் முடியமுன் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் "நாளைக்கு வாங்கோ" என்று இழுத்தடிப்பதற்கெல்லாம் சட்டம் நாள் கூட்டித் தராது.

சீல் கதை எடுபடாது. பெட்டியை உடைக்காமல் கோட் பழுதென்று எவரால் அறிய முடியும்? நீங்கள் வாங்கியது புதிய, ஒருவரும் பாவிக்காத கேம். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விற்கும் பொருள் சொன்ன விபரத்துக்குப் பொருந்த வேண்டும். கோட் செத்திருந்தால் அந்த டிஸ்க் வெறும் தட்டு. காசு வாங்கியவர் கடைக்காரர். பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. கொம்பனியோடு கதைப்பது அவருடைய வேலை.

ஆனால் அவர் ஒன்று கேட்பார்: "உங்கட மகனே கூட்டாளிக்குக் கோட்டைக் குடுத்திருந்தால்?" வழக்கு நிற்பதும் விழுவதும் இதில்தான். கேம் கொம்பனியின் உதவிப் பிரிவுக்கு எழுதி, இந்தக் கோட் முதன்முதலில் எந்தத் திகதியில் பதியப்பட்டது என்று மட்டும் கேளுங்கள். யார் பதிந்தது என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். கேம் விற்கும் ஸ்டீம் போன்ற இணையத் தளங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கோட் அட்டையில் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொல்வதுண்டு, அட்டையை எறிந்துவிடாதீர்கள். பற்றுச்சீட்டுத் திகதிக்கு முன்னரே பதியப்பட்டது என்று பதில் வந்தால் கடைக்காரருக்குச் சொல்ல ஒன்றுமிருக்காது. பற்றுச்சீட்டு வாங்கவில்லையா? இப்போதே போய்க் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகார சபைச் சட்டம்.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். இணையம் வேண்டும், கணக்குத் திறக்க வேண்டும் என்று கேமுக்குப் பூட்டுப் போட்டிருப்பதைப் பெட்டியில் எழுதியிருந்தால் அந்தப் பூட்டுக்காக மட்டும் காசு திரும்பாது. பூட்டுள்ள கேமை வாங்குகிறவர் பெரும்பாலும் வாங்குவது விளையாடும் அனுமதியைத்தான். 2024 மார்ச் 31இல் யூபிசொஃப்ட் என்ற கேம் கொம்பனி தன் ‘த குரூ’ கேமின் சேர்வரை நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதை விளையாட முடியாமல் போனது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. உங்கள் பிரச்சினை அதுவல்ல. உங்களுக்கு அந்த அனுமதியே கிடைக்கவில்லை.

இனிக் கிராக். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், சட்டப்படி பிரதியை வைத்திருப்பவர் தொலைந்தால் உதவட்டும் என்று ஒரு பிரதி எடுத்து வைக்க இடம் தருகிறது. பூட்டை உடைக்கும் கருவிகளைச் செய்பவரையும் விற்க இறக்குமதி செய்பவரையும் அதே சட்டம் பிடிக்கிறது. வீட்டில் பாவிப்பவர் பக்கம் வாதாட இடமிருக்கிறது, ஆனால் அதை நம்பி உங்களை நான் இறக்கிவிட மாட்டேன். பெடியன் காசுக்கு இதைச் செய்பவன் என்றால் அவன் நிலை இன்னும் மோசம்: பதிப்புரிமைக் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபா வரை தண்டம், சிலவேளை இரண்டும். அதைவிட, கிராக் போட்ட கணமே "கேம் ஓடுதுதானே, பிறகென்ன முறைப்பாடு?" என்று கடைக்காரர் கேட்பார்.

கோட் மறுக்கப்படும் திரையைத் திகதி தெரியப் படம் எடுங்கள். பற்றுச்சீட்டுப் பிரதியோடு கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, இரண்டு கிழமை தவணை கொடுங்கள். அசையாவிட்டால் யாழ் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள அதிகார சபை அலுவலகத்தில் முறைப்பாட்டைக் கொடுங்கள். 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். பொருளை மாற்றிக் கொடு, அல்லது காசைத் திருப்பிக் கொடு என்று விசாரணைக்குப் பின் உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. இரண்டில் எது வேண்டும் என்பதையும் முறைப்பாட்டிலேயே எழுதிவிடுங்கள்.