வெட்கம் தடுப்பதில்லை – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடலூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வயது 31. ஆண்கள்மேல்தான் எனக்கு ஈர்ப்பு. வீட்டில் யாருக்கும் தெரியாது. எப்போதாவது, குடித்துவிட்டு, புதுச்சேரியில் யாரையாவது சந்திப்பேன். மறுநாள் கோயிலுக்குப் போய், இனி இல்லை என்று சத்தியம் செய்வேன். எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டதில்லை. வந்தால் தண்டனை என்று ஏற்றுக்கொள்வேன். இப்போது பெண் பார்க்கிறார்கள். அம்மாவிடம் சொல்லிவிடலாமா? நம் பழைய இலக்கியத்தில் எங்களுக்கு இடம் இருந்ததா?

கே.

அன்புள்ள கே,

சில நாட்களாக, இறந்துபோன ஒரு நண்பனின் நினைவாகவே இருக்கிறேன். உங்கள் கடிதம் அந்த நேரத்தில் வந்தது. பழைய இலக்கியத்தை விடுங்கள். இன்று நீங்கள் இருக்கிறீர்கள், எனக்கு அது போதும்.

தண்டனை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனின் குழு சென்னையில் சில பாலியல் தொழிலாளிகளிடம் இந்தக் கிருமியைக் கண்டறிந்தபோதும் ஊர் இப்படித்தான் பேசியது. பிறகு அது எத்தனை மனைவிகளுக்கு வந்தது, எத்தனை பச்சைக் குழந்தைகளுக்கு வந்தது! அவர்களெல்லாம் என்ன குற்றம் செய்தார்கள்?

தம்பி, உங்கள் வெட்கம் உங்களை ஒருமுறைகூடத் தடுத்ததில்லை. அது தடுத்தது ஆணுறையை மட்டும்தான். பையில் ஆணுறை எடுத்து வைப்பதென்றால், எதற்காகப் போகிறோம் என்பதைக் கடலூரில் பஸ் ஏறும்போதே தனக்குத்தானே ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குத் துணியாதவன் வெறுங்கையோடு கிளம்புகிறான். போதையில் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்வதற்காகவே குடிக்கிறான். இருட்டில், அவசரத்தில், எதிரில் இருப்பவனிடம் ஆணுறை வேண்டும் என்று கேட்க அவனுக்கு வாய் வருவதில்லை. ஆசனவாய் வழி உறவில் தொற்றும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்திருந்தும் வருவதில்லை. மறுநாள் சத்தியம் செய்துவிட்டால் அவனைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது, பிறகு பரிசோதனை எதற்கு? தொற்றியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மருந்தைத் தொடங்கலாம், 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மூன்று நாட்களையும் நீங்கள் கோயில் பிராகாரத்தில் கழித்திருக்கிறீர்கள்.

எல்லாவற்றுக்கும் சட்டம்தான் காரணம் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. பிரான்ஸ் 1791இலேயே ஆணும் ஆணும் உறவுகொள்வதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆங்கிலேயர் ஆண்ட கடலூர்ப் பக்கம் அதைக் குற்றமாக்கும் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு வந்தது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளிக்கும்வரை அது நம்மை விடவில்லை. ஆனால் என் நண்பன் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். அவன் வெட்கம் உங்களுடையதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

நாங்கள் ஒரே மாடி அறையில் இருந்தோம். அவனுக்கு இருமல் வந்தது, உடல் இளைத்தது. காசநோய் என்று மட்டும் சொன்னான். தன் தட்டையும் டம்ளரையும் தனியாகக் கழுவி, செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைப்பான். ஒருநாள் தெரியாமல் அந்தத் தட்டில் நான் சோறு போட்டுக்கொண்டபோது கையிலிருந்து பிடுங்கினான். தட்டால் தொற்றாது என்பது என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். அன்றுதான் உண்மையைச் சொன்னான். 2004 ஏப்ரலிலேயே அரசு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியிருந்தது. தாம்பரம் மருத்துவமனைக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். “அந்த வரிசையில் என்னை நிறுத்தாதே” என்றான். 2006இல் இறந்தான். மருந்து இருந்த காலத்தில் இறந்தான், அதுதான் எனக்கு ஆறவில்லை. அவன் அம்மாவுக்கு இன்றுவரை அது காசநோய்தான்.

இன்று பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரு மாத்திரை போதும். ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது. உங்கள் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

பெண் பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள். கல்யாணம் உங்களை மாற்றாது. உங்கள் பயத்துக்கு யார் வீட்டுப் பெண்ணையோ பலி கொடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது. மாற்றிக் காட்டுகிறேன் என்று எந்த மருத்துவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில் ஒழுங்கு மீறல் என்று அறிவித்திருக்கிறது. அம்மாவிடம் இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

கடலூர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். தெரிந்த முகங்களுக்குப் பயந்தால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போங்கள். முதலில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 1097 என்ற எண்ணை அழையுங்கள், கட்டணம் இல்லை. கடைசியாக ஒருவரைச் சந்தித்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால் இப்போது ஒருமுறையும் மூன்று மாதம் முடிந்த பின் இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். இரண்டு முறையும், முடிவு எதுவானாலும், எனக்கு எழுதுங்கள்.