திறப்பு விழாவுக்கு மறுநாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊரில் நூற்பாலை நடத்தும் ஒருவர் அரசுப் பள்ளிக்கு மூன்று வகுப்பறைகள் கட்டிக்கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் பாராட்டு விழா. மலருக்கு அவரைப் பற்றி நான் ஒரு கட்டுரை தரவேண்டுமாம். என் நண்பர்களோ, "எல்லாம் வரியை மிச்சம் பிடிக்கத்தான். அதிலும் சுவரில் எவ்வளவு பெரிய எழுத்தில் பெயர் பார்!" என்கிறார்கள். பணக்காரர் ஒருவரைப் புகழ்ந்து எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதலாமா?

(கடிதம் எழுதியவர் தன் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

போன வாரம்தான் நான் படித்த பள்ளிக்குப் போய்விட்டு வந்தேன். அங்கே பார்த்த ஒன்று மனதை விட்டுப் போகாமல் இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பெயர் எழுதியதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எழுதிவிட்டுப் போகட்டும். வரிவிலக்கும் அப்படித்தான். விலக்கு கிடைத்தாலும் கொடுத்த பணம் முழுதாகத் திரும்பி வராது. ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: ஆலையில் சம்பளமும் பி.எஃப்.பும் ஒழுங்காகப் போகிறதா? தொழிலாளிக்குச் சேரவேண்டியதை நிறுத்திப் பள்ளிக்குக் கொடுத்திருந்தால் அதற்குத் தானம் என்று பெயர் இல்லை.

சரி, நான் பார்த்ததைச் சொல்கிறேன். நான் ஆறாவது படித்தபோது எங்கள் ஊர் ரைஸ்மில் முதலாளி பள்ளிக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொடுத்தார். நான்கு குழாய்கள். சனிக்கிழமை தோறும் சைக்கிளில் வருவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு குழாயாகத் திறந்து, மூடி, கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பார். சொட்டினால் சட்டைப் பையிலிருந்து ஒரு வாஷரை எடுத்து அங்கேயே குந்தி மாற்றுவார். கிட்டே போனால் தவிட்டு வாசம் அடிக்கும். ஒருநாள் குழாயை மூடாமல் ஓடிய என்னைப் பிடித்து நிறுத்திக் காதைத் திருகினார். அப்புறம், "மத்தியானம் சாப்பிட்டியா?" என்று கேட்டார். அப்பா வேலையில்லாமல் இருந்த வருடம் அது. அந்தக் கேள்வியை இன்னும் மறக்கவில்லை.

அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. பிள்ளைகளும் நல்லவர்கள்தான். தொட்டியை இடித்துவிட்டு, அதைவிடப் பல மடங்கு செலவில் ஆர்.ஓ. இயந்திரம் வைத்துக்கொடுத்தார்கள். போன வாரம் அந்த அறை பூட்டியிருந்தது. பூட்டு துருப்பிடித்திருந்தது. ஃபில்டர் மாற்றப் பணமில்லை, யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை என்கிறார்கள் பள்ளியில். மாணவர்கள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள்.

கட்டிக்கொடுக்க நம் ஊர்களில் ஆள் உண்டு. மராமத்துக்குத்தான் ஆள் கிடையாது. இதை நான் பத்து வருடமாகச் சொல்லிவருகிறேன். பச்சையப்ப முதலியாரை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் தரகருமான துபாஷியாக இருந்து பெரும்பணம் சேர்த்து, கோயில் தருமங்களுக்கு உயில் எழுதிவைத்து 1794-இல் இறந்தார். அந்தப் பணம் வழக்கிலும் வாரிசுச் சண்டையிலும் சிக்கியது. கடைசியில் நீதிமன்றம் தலையிட்டு, அறக்கட்டளை அமைந்து, சேர்ந்திருந்த உபரியில் 1842-இல் சென்னையில் பள்ளி திறந்தார்கள். நடுவில் 48 வருடம்! கொடுத்தவர் மனதில் குறையே இல்லை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

கோயம்புத்தூர் பீளமேட்டில் வேறு மாதிரி யோசித்தார்கள். பூ.சா.கோ. (பி.எஸ்.ஜி.) குடும்பத்தில் நான்கு சகோதரர்கள் 1926-இல் சொத்தைப் பிரித்தபோது ஐந்து பங்காக்கினார்கள். ஐந்தாவது தருமத்துக்கு. விழா அன்று எழுதும் காசோலைக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். தருமத்தை இன்னொரு பிள்ளையாக வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளை என்றால் வருடா வருடம் செலவு உண்டு, கவலையும் உண்டு.

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள். நடத்தும் பொறுப்பு மத்திய அரசின் ஆராய்ச்சிக் குழுமத்துடையது. ஆய்வகத்தின் பெயரில் அழகப்பர் இல்லை. ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஊர்க்காரர்கள் சிக்ரி என்பார்கள். தனக்குப் பிறகு யார் நடத்துவார்கள் என்ற கேள்விக்கு அங்கே முதலிலேயே பதில் இருந்தது. எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த 300 ஏக்கரை விட இதுதான்.

இப்போது உங்கள் நண்பர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது. அந்தப் பள்ளிக்கு மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கும். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாக இருக்கவேண்டும். உங்கள் நண்பர்களில் யாருடைய பிள்ளையாவது அங்கே படிக்கிறதா? படித்தால், எத்தனை கூட்டத்துக்குப் போனார்கள்? போகாதவர்கள் அடுத்தவர் கொடுத்ததில் நொட்டை சொல்வதை நீங்களும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். கூச்சப்படுவதானால் அதற்குக் கூச்சப்படுங்கள்.

உங்களைத் திட்டிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். எழுதலாமா என்று இவ்வளவு யோசிக்கிறவர் பொய் எழுதமாட்டார் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது.

எழுதுங்கள். அதற்கு முன் ஒரு மழை பெய்த மறுநாள் அந்த மூன்று வகுப்பறைகளுக்கும் போய்வாருங்கள். கூரை ஒழுகுகிறதா, ஃபேன் ஓடுகிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு முதலாளி எத்தனை தடவை வந்தார் என்று ஆயாவிடம் கேளுங்கள், தலைமையாசிரியரிடம் வேண்டாம். ஒருமுறைகூட வரவில்லை என்றால் அவரையே நேரில் பார்த்து, மராமத்துக்கு வருடா வருடம் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்பதையும் கட்டுரையில் சேருங்கள். மலர் அச்சானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.

அன்புடன்.